காட்டை எரிபொருள் வயலாக்க முயன்ற திவான்: விஸ்வேஸ்வரய்யாவின் அதிகம் அறியப்படாத பத்ராவதிக் கணக்கு

மைசூரு: காவிரி நீர் குறித்த செய்தி தமிழகத்தில் வெளியாகும் போதெல்லாம், கிருஷ்ணராஜ சாகர் அணையின் முழு நீர்மட்டமான 124.80 அடி என்ற எண்ணும் உடன் இடம்பெறுகிறது. அந்த அணைக்குத் திட்டமிட்ட தலைமைப் பொறியாளர் சர் எம். விஸ்வேஸ்வரய்யா என்பதைப் பலரும் அறிவர். ஆனால், மலைநாட்டு மரங்களை வடித்து மரக்கரியும் மெத்தனாலும் எடுக்கும் ஆலையை உருவாக்கி, அதன் நட்டக் காலத்தில் தாமே முன்னின்று நடத்தியவரும் அவரே என்பது பரவலாக அறியப்படாத செய்தி.

வைக்கோல், கரும்புச் சக்கை, விறகு ஆகியவற்றிலிருந்து பெட்ரோல், டீசலுக்கு மாற்று தேடும் பணி இன்று நாடெங்கும் நடைபெற்று வருகிறது. இந்நிலையில், ஒரு நூற்றாண்டுக்கு முன் மைசூர் சமஸ்தானம் மேற்கொண்ட அந்த முயற்சியின் வரவு செலவு மீண்டும் கவனத்துக்குரியதாகிறது.

சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி

மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா 1861-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, இன்றைய சிக்கபள்ளாபூர் மாவட்டத்தின் முத்தேனஹள்ளி கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், பெங்களூருவில் தாய்மாமன் ஆதரவில் தங்கி, பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கிடைத்த வருவாயில் படித்தார். பெங்களூரு மத்தியக் கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. அங்கு 1881-இல் இளங்கலைப் பட்டம் பெற்ற அவர், மைசூர் அரசின் உதவித்தொகையுடன் புணே சென்று பொறியியல் பயின்றார்.

1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். சிந்து மாகாணத்தின் சுக்கூர் நகருக்குக் குடிநீர்த் திட்டம் அமைத்தது, வெள்ளம் வரும்போது தாமாகத் திறந்து மூடும் மதகுகளைப் புணே அருகே கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் பொருத்தியது ஆகியவை அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தன. 1908-இல் மூசி ஆற்றின் பெருவெள்ளம் ஐதராபாத்தைச் சூறையாடிய பின், அந்நகரின் வெள்ளத் தடுப்புத் திட்டத்தை வகுக்கும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1909-இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் பொறுப்பை ஏற்றார். 1911-இல் கிருஷ்ணராஜ சாகர் அணையின் கட்டுமானம் தொடங்கியது. 1912-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரைத் திவானாக நியமித்தார். அடுத்த ஆறு ஆண்டுகளில் மைசூர் வங்கி, மைசூர்ப் பல்கலைக்கழகம், பெங்களூரு பொறியியல் கல்லூரி எனப் பல நிறுவனங்கள் உருவாயின.

சந்தன எண்ணெய் தந்த துணிவு

மரத்தை விற்பதைவிட அதை வடித்து விற்பதே இலாபம் என்ற பாடத்தை மைசூருக்குக் கற்பித்தது முதலாம் உலகப் போர். சமஸ்தானத்தின் காடுகளில் வளர்ந்த சந்தன மரங்கள் அரசின் தனியுரிமையாக இருந்தன. ஏலத்தில் விற்கப்பட்ட கட்டைகளின் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கு, குறிப்பாக ஜெர்மனிக்குச் சென்று, அங்குதான் எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914-இல் போர் மூண்டதும் அந்தச் சந்தை ஒரே நாளில் அடைபட்டது. அரசின் வருவாயில் பெரும் ஓட்டை விழுந்தது.

எண்ணெயை உள்நாட்டிலேயே வடிப்பது என விஸ்வேஸ்வரய்யாவின் நிர்வாகம் முடிவு செய்தது. பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்து வேதியியலாளர்கள் வடிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். 1916-இல் பெங்களூருவிலும், அடுத்த ஆண்டு மைசூருவிலும் சந்தன எண்ணெய் ஆலைகள் தொடங்கப்பட்டன. கட்டையாக ஏற்றுமதியான பொருள் எண்ணெயாகவும், பின்னர் சோப்பாகவும் வெளியேறத் தொடங்கியது. மைசூரு நகரில் அந்த ஆலை இன்றளவும் உள்ளது.

நிலக்கரி இல்லாத நாட்டில் இரும்பு

இதே காலத்தில் இன்னொரு பெரிய கணக்கும் திவானின் மேசையில் இருந்தது. சிக்கமகளூரு பகுதியின் பாபாபுடன் மலைத்தொடரில், கெம்மண்ணுகுண்டியைச் சுற்றி உயர்தர இரும்புத் தாது குவிந்து கிடந்தது. அருகிலேயே சுண்ணாம்புக் கல்லும், பத்ரா ஆற்றின் நீரும் இருந்தன. இரும்பை உருக்கத் தேவையான நிலக்கரி மட்டும் மைசூர் நாட்டில் இல்லை. உலைக்கேற்ற கல்கரி வேண்டுமெனில் வங்காள, பீகார் சுரங்கங்களிலிருந்து ரயிலில் கொண்டுவர வேண்டும். ரயில் கட்டணமே திட்டத்தை விழுங்கிவிடும்.

சிவமொக்கா, சிக்கமகளூரு மலைநாட்டில் இருந்தது காடு. எனவே நிலக்கரிக்குப் பதிலாக மரக்கரியைக் கொண்டு இரும்பு உருக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ஜாம்ஷெட்பூர் டாடா ஆலைக்கு ஆலோசகராக இருந்த அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் பேஜ் பெரினின் ஆலோசனை பெறப்பட்டது.

மரக்கரி இரும்பு தமிழகத்துக்குப் புதியதன்று. கடலூர் அருகே பரங்கிப்பேட்டையில் 1830-ஆம் ஆண்டு வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கிய இரும்பாலையும் மரக்கரியையே நம்பியிருந்தது. சேலம் பகுதித் தாதுவைக் கொண்டு அது நடந்தது. சுற்றுவட்டாரக் காடுகள் வெட்டப்பட, கரி கிடைக்கும் தொலைவு கூடிக்கொண்டே போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் அந்த ஆலை மூடப்பட்டது.

பரங்கிப்பேட்டையில் இல்லாத ஒன்று மைசூர்த் திட்டத்தில் இருந்தது. காட்டில் மண்மேடு மூட்டிக் கரி சுடும்போது, மரத்திலிருந்து எழும் ஆவி முழுவதும் புகையாகக் காற்றில் கலந்து வீணாகும். பத்ராவதியிலோ காற்றுப் புகாத கலன்களில் மரத்தைச் சூடேற்றி, அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் மர வடிப்பு ஆலை இரும்பாலையுடன் இணைத்தே அமைக்கப்பட்டது.

இவ்வாறு வடிக்கும்போது, உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கரியாக எஞ்சும். ஆவி குளிர்ந்து கிடைக்கும் திரவத்தில் அசிட்டிக் அமிலம், மெத்தனால், தார் ஆகியவை இருக்கும். அமிலத்துடன் சுண்ணாம்பைச் சேர்த்தால் கால்சியம் அசிட்டேட் கிடைக்கும். அதிலிருந்து எடுக்கப்படும் அசிட்டோன், வெடிமருந்துத் தயாரிப்புக்காகப் போர்க்காலத்தில் பெரிதும் தேடப்பட்டது. குளிர்விக்க முடியாத வாயுவைக் கலன்களைச் சூடேற்றவே எரிக்கலாம். ஒரே மரம் உலைக்கு எரிபொருளாகவும், சந்தைக்கு வேதிப்பொருளாகவும் அமையும் என்பதே கணக்கு.

பதவி விலகலும் திரும்பி வருதலும்

ஆலை எழும் முன்பே விஸ்வேஸ்வரய்யா திவான் பதவியை விட்டு விலகினார். அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு உரிய இடம் வழங்குவது குறித்து ஆராய, தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் 1918-இல் மகாராஜா குழு அமைத்தார். பணி நியமனங்களுக்குத் தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது திவானின் நிலைப்பாடு. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்காகக் குரலெழுப்பிய அதே காலம் அது. மைசூரில் அந்தக் கோரிக்கையின் பக்கம் நின்றவர் மகாராஜா. இதில் எழுந்த கருத்து வேறுபாட்டால் 1918 இறுதியில் விஸ்வேஸ்வரய்யா பொறுப்பிலிருந்து வெளியேறினார். பின்னாளில் மைசூர் நிர்வாகத்தில் பிற்படுத்தப்பட்டோர் இடம்பெற வழிவகுத்தது மில்லர் குழுவின் பரிந்துரை என்பதும் வரலாறு.

1923 ஜனவரி 18 அன்று பத்ராவதியில் மைசூர் இரும்பாலை இயங்கத் தொடங்கியது. ஆனால், போர்க்கால விலையை வைத்துப் போட்ட மதிப்பீடுகள் அதற்குள் பொய்த்திருந்தன. உலகச் சந்தையில் இரும்பு விலை சரிந்தது. கட்டுமானச் செலவோ மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. வெளிநாட்டு நிபுணர்களின் நிர்வாகத்தில் நட்டம் பெருகியது. மக்கள் வரிப்பணம் காட்டில் எரிகிறது என்ற குறைகூறல் எழுந்த நிலையில், ஆலையைக் காப்பாற்ற மகாராஜாவின் அரசு நாடியது விலகிச் சென்ற அதே திவானைத்தான்.

1923 முதல் 1929 வரை ஆலையின் நிர்வாகக் குழுத் தலைவராக அவர் பணியாற்றினார். செலவினங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. வெளிநாட்டினர் வகித்த பொறுப்புகளில் மைசூர்ப் பொறியாளர்கள் படிப்படியாக அமர்த்தப்பட்டனர். அந்தப் பணிக்காகப் பின்னர் தமக்கு வழங்கப்பட்ட தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் நிலையம் ஒன்றைப் பெங்களூருவில் தொடங்க அளித்தார். தமது பெயருக்குப் பதிலாக மகாராஜா ஜெயசாமராஜேந்திரரின் பெயரையே அதற்குச் சூட்டச் செய்தார்.

ஜெர்மனியில் திறந்த கலன்

பத்ராவதி உலை மூட்டப்பட்ட அதே 1923-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் லொய்னா நகரில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் மரமே இல்லாமல் மெத்தனால் தயாரித்துக் காட்டியது. நிலக்கரியிலிருந்து பெற்ற கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஆகிய இரு வாயுக்களைக் கடும் அழுத்தத்தில், துத்தநாக ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும் கலந்த வினையூக்கியின் மீது செலுத்தினால், அவை இணைந்து மெத்தனாலாக மாறின. தான் தீராமலேயே பிற பொருள்களுக்கிடையே வினையை விரைவுபடுத்தும் பொருளே வினையூக்கி எனப்படுகிறது.

இதன் விளைவு உலகெங்கும் உணரப்பட்டது. ஒரு டன் உலர் மரத்தை வடித்தால் கிடைக்கும் மெத்தனால் சுமார் 10 முதல் 20 கிலோ மட்டுமே. வினையூக்கி முறையிலோ ஆலையின் அளவுக்கேற்ப எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கலாம். மலிவான ஜெர்மன் மெத்தனால் சந்தைக்கு வந்ததும், அமெரிக்காவின் மர வடிப்பு ஆலைகளே தள்ளாடின. அசிட்டோன், அசிட்டிக் அமிலம் ஆகியவற்றுக்கும் புதிய தயாரிப்பு முறைகள் வந்துவிட்டன. மரத்தின் ஆவியைப் பிடித்து விற்று இரும்பின் நட்டத்தை ஈடுகட்டலாம் என்ற எதிர்பார்ப்பின் அடித்தளத்தையே இந்த மாற்றம் அசைத்தது. விஸ்வேஸ்வரய்யாவின் சிக்கன நடவடிக்கைகளால் எட்ட முடியாத தொலைவில் நடந்த மாற்றம் அது.

பத்ராவதி ஆலை ஆனால் மூடப்படவில்லை. 1930-களில் எஃகு, சிமெண்ட் எனப் புதிய பொருள்களுக்கு அது மாறிக்கொண்டது. 1950-களில் ஜோக் நீர்வீழ்ச்சிப் பகுதியின் மின்சாரத்தில் இயங்கும் மின் உலைகள் வந்து, மரக்கரியின் தேவையைக் குறைத்தன. பிற்காலத்தில் விஸ்வேஸ்வரய்யாவின் பெயரையே தாங்கிய அந்த ஆலை, 1998-இல் இந்திய உருக்கு ஆணையத்துடன் (செயில்) இணைக்கப்பட்டது.

மண்டியாவின் கரும்பும் கரி பஸ்களும்

தாவரத்திலிருந்து எரிபொருள் என்ற எண்ணம் மைசூரில் வேறொரு வழியாகவும் வளர்ந்தது. கிருஷ்ணராஜ சாகரின் கால்வாய் நீர் மண்டியா வறள் நிலங்களைக் கரும்பு வயல்களாக்கியது. மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது, 1933-இல் மண்டியாவில் மைசூர்ச் சர்க்கரை நிறுவனம் உருவானது. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து ஆல்கஹால் வடிக்கும் சாலையும் அதனுடன் அமைந்தது. பாகைச் சாராயமாக்கும் ஈஸ்டின் நொதிகளும் ஒருவகையில் இயற்கையின் வினையூக்கிகளே.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பின்புறம் உருளைக் கலன் பொருத்தி மரக்கரி வாயுவில் ஓடிய கரி பஸ்களைத் தமிழகத்தின் முந்தைய தலைமுறையினர் கண்டுள்ளனர். விடுதலைக்குப் பின், 1948-இல் எரிபொருள் ஆல்கஹாலுக்கென இந்திய அரசு தனிச் சட்டமே இயற்றியது. பின்னர் மேற்காசிய எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் அந்த ஆர்வம் தணிந்தது.

இன்று 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டின் விற்பனை நிலையங்களில் வழங்கப்படுகிறது. மண்டியா போன்ற கரும்பு மாவட்டங்கள் எரிபொருள் வரைபடத்தில் மீண்டும் இடம்பிடித்துள்ளன.

மீண்டும் மரத்திடம்

மர வடிப்பை வீழ்த்திய வினையூக்கியே, இப்போது தாவரப் பொருளுக்குப் புதிய மதிப்பைத் தருகிறது. மரத்தையோ வைக்கோலையோ குறைந்த அளவு காற்று அல்லது நீராவியுடன் உயர் வெப்பத்தில் வாயுவாக்கினால், லொய்னாவில் பயன்பட்ட அதே இரு வாயுக்கள் கிடைக்கும். நிலக்கரிக்கு அங்கே இடமில்லை. அவ்வாயுவை வினையூக்கியின் மீது செலுத்தினால், ஒரு டன் உலர் தாவரப் பொருளிலிருந்து சுமார் 400 கிலோ அளவுக்கு மெத்தனால் பெற முடியும். பழைய வடிப்பு முறையைவிட இது இருபது மடங்குக்குக் குறையாது.

1925-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஃபிரான்ஸ் ஃபிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் கண்டறிந்த முறையில், அதே வாயுவிலிருந்து டீசலை ஒத்த எரிபொருளும் தயாரிக்கலாம். அதற்கு வினையூக்கியாகப் பயன்படும் உலோகங்களில் ஒன்று இரும்பு. மெத்தனாலை ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் மீது செலுத்திப் பெட்ரோலாக மாற்றும் ஆலை 1980-களில் நியூசிலாந்தில் இயங்கியது. அங்கு மூலப்பொருள் இயற்கை எரிவாயு என்றாலும், மரத்திலிருந்து பெற்ற மெத்தனாலுக்கும் அந்த வினை பொருந்தும்.

இந்தியாவில் இத்துறையின் முக்கிய ஆய்வு மையங்களில் ஒன்று, மைசூர் சமஸ்தானம் வழங்கிய 371 ஏக்கர் நிலத்தில் எழுந்த இந்திய அறிவியல் கழகமே. விறகையும் வேளாண் கழிவையும் வாயுவாக்கும் கலன்களை அது பல பத்தாண்டுகளாக உருவாக்கி வருகிறது. வாயுவில் கலந்து வரும் தாரும் கந்தகமும் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், அதைத் தூய்மையாக்குவதே செலவு மிகுந்த படியாக உள்ளது. பத்ராவதியில் விற்பனைப் பொருளாக இருந்த தார், இங்கே முதல் எதிரியாகிவிட்டது.

தீராத கணக்கு

வேதியியல் மாறினாலும், காட்டின் கணக்கு மாறவில்லை. ஒரு டன் இரும்புக்குச் சுமார் ஒரு டன் மரக்கரியும், அந்தக் கரிக்குச் சுமார் நான்கு டன் மரமும் வேண்டும். நாளொன்றுக்கு 50 டன் இரும்பு வார்க்கும் சிறிய உலைகூட 200 டன் மரத்தை விழுங்கும். வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளர ஆண்டுகள் பல ஆகும். உலைக்கோ நாள்தோறும் பசி எடுக்கும். வளரும் வேகத்துக்குள் வெட்டினால் மட்டுமே காடு புதுப்பிக்கத்தக்க எரிபொருள். அதை மீறினால் அதுவும் ஒரு சுரங்கமே. பரங்கிப்பேட்டை ஆலைக்கு நேர்ந்தது அதுதான். காட்டு மரத்தை விடுத்து, அறுவடைக்குப் பின் எஞ்சும் கழிவைத் தேடி இன்றைய திட்டங்கள் செல்வதற்கும் இதுவே காரணம்.

திட்டமிடுதலே விஸ்வேஸ்வரய்யாவின் வாழ்நாள் பணியாக இருந்தது. நாடு முழுமைக்கும் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை முன்வைத்த அவரது நூல் 1934-இல் வெளியானது. ஐந்தாண்டுத் திட்டங்கள் வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தையது அது. 1955-இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், நூறு வயதைத் தொட்டு, 1962 ஏப்ரல் மாதம் பெங்களூருவில் காலமானார். அவரது பிறந்தநாளான செப்டம்பர் 15 பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அணைகளும் மதகுகளும் அவரது வெற்றிகளாக ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன. பத்ராவதியின் மர வடிப்பு ஆலை அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. நிலக்கரியும் எண்ணெயும் இல்லாத ஒரு நாடு, தன் மண்ணில் விளைவதைக் கொண்டே தன் உலைகளையும் வண்டிகளையும் இயக்க முடியுமா என்று அவர் எழுப்பிய கேள்விக்கு, தேவையான கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இந்தியா இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறது.